வேண்டும்போது மட்டும் எரியும் உலை

அரபு இலக்கணமும் தமிழ் இலக்கியமும் கற்பித்துக் காலம் கழிக்கின்ற நமக்கும் மின்விசை உற்பத்திக்கும் யாது தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். அதிலும் நாம் எழுதப் புகுவது ஊருக்கு வெளியே புகைபோக்கியுடன் நிற்கும் மின் நிலையத்தைப் பற்றியதன்று; கணிப்பொறித் திரைக்குள் பிள்ளைகள் கட்டி விளையாடும் ஓர் உலகத்தில் இயங்குகிற மின் நிலையத்தைப் பற்றியது. விளையாட்டைப் பற்றி எழுதும் வயதை நாம் கடந்துவிட்டோம். ஆயினும் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லுமாறு கேட்கப்பட்டமையால், அவ்வுலகத்தின் வாயிலில் சில மாலைப் பொழுதுகள் நாம் அமர வேண்டியதாயிற்று. அங்கே கண்டது இவ்விதழின் குடும்பங்களுக்குச் சொல்லத்தக்கது என்றே கருதுகிறோம்.

நம் தங்கையின் மகன் பதினோராம் வகுப்பில் பயில்கிறான். அவனுடைய வாப்பா வளைகுடா நாடொன்றில், ஒரு மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விடுமுறையில் வருவார். அரையாண்டுத் தேர்வில் பையனின் மதிப்பெண் இறங்கிய செய்தி கடல் கடந்து சென்றதும், “நான் வருவதற்குள் அந்தக் கணிப்பொறியை விற்றுவிடு” என்று தொலைபேசியில் உத்தரவு வந்துவிட்டது. தங்கை நம் வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்தாள். “காக்கா, அவங்க விக்கச் சொல்லிட்டாங்க. வித்தா பிள்ளை வாப்பா முகத்திலேயே முழிக்க மாட்டான் போலிருக்கு. விக்காட்டி அவங்க என்னிடத்தில் பேச மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள்.

மத்ரஸாவில் நமக்குப் பாடம் நடத்திய உஸ்தாதுகள் ஒரு முறையை வலியுறுத்துவார்கள். எந்தப் பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூற வேண்டுமோ அந்தப் பொருள் இன்னதென்று முதலில் உள்ளத்தில் தெளிவாக உருப்பெற வேண்டும். அதன் பின்னரே ஆகும், ஆகாது என்ற பேச்சுக்கு இடமுண்டு. வெளியே நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. நம்மவர்களில் பலர் அதையே செய்கிறார்கள். நாம் தங்கையிடம், “ஒரு வாரம் பொறு, அவன் என்னதான் செய்கிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம்” என்றோம்.

பையன் முதலில் கூசினான். மாமா தஜ்வீத் பாடம் கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணினான் போலும். “நீ விளையாடு, நாம் பார்க்கிறோம். புரியாததைக் கேட்போம்” என்றதும் வியப்போடு நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

அவ்விளையாட்டுக்கு மைன்கிராஃப்ட் என்று பெயர். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக வெளியிட்டார். 2011 நவம்பரில் முழு வடிவம் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 250 கோடி டாலருக்கு இதனை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. இதில் வெல்வதற்கென்று பகைவர் படை எதுவும் கட்டாயமில்லை. மண், மரம், கல் எல்லாம் ஒரே அளவான கனசதுரக் கட்டிகள். ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தெடுத்து, வேண்டிய இடத்தில் வைத்து, வீடோ கோட்டையோ ஊரோ கட்டிக்கொள்ளலாம். ‘ரெட்ஸ்டோன்’ எனும் செந்தூள் ஒன்று அவ்வுலகின் நிலத்தடியில் கிடைக்கிறது. அதைக் கோடாகத் தூவினால் கம்பியில் மின்சாரம் போவது போல அதன் வழியே ஒரு குறிப்பு ஓடும். கதவு திறக்கும், விளக்கு எரியும்.

விளையாட்டைச் செய்தவர்கள் அளித்தது இவ்வளவே. இதற்கு மேல், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தாமே எழுதிச் சேர்த்த சேர்க்கைகள் உண்டு. அவற்றை ‘மாட்’ என்கிறார்கள். இவற்றைச் சேர்த்துக்கொண்டால் அந்த எளிய உலகத்தில் தாது அரைக்கும் ஆலைகளும், உருக்கு உலைகளும், குழாய்களும், மின் கம்பிகளும், மின்விசையைச் சேர்த்து வைக்கும் சேமக்கலங்களும் வந்துவிடுகின்றன. ஆலை இருந்தால் அதற்கு மின்விசை வேண்டும். பையன் கவலையெல்லாம் இந்த மின்விசையைப் பற்றியதுதான்.

அவன் கட்டியிருந்தது ஓர் அணு உலை. ‘பிக் ரியாக்டர்ஸ்’ என்ற பெயரில் தொடங்கி, பின்னர் வேறு கைகளால் ‘எக்ஸ்ட்ரீம் ரியாக்டர்ஸ்’ என்ற பெயரில் தொடரப்பட்டு வருகிற சேர்க்கையில் கிடைப்பது. யெல்லோரியம் எனும் மஞ்சள் உலோகம் அதற்கு எரிபொருள். நிலத்தடியில் தோண்டித் தாதுவை எடுத்து, உருக்கி, உலைக்குள் இட வேண்டும். “இதில் என்ன தொல்லை?” என்று கேட்டோம். “மாமா, இது நிற்கவே நிற்காது” என்றான்.

அவன் சொன்னதை நமக்கு விளங்கிய வரையில் சொல்கிறோம். ஆலைகள் ஓடும்போது உலை ஓட வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் இரவில் ஆலைகளெல்லாம் வேலை முடிந்து ஓய்ந்திருக்கும்போதும், சேமக்கலம் விளிம்பு வரை நிரம்பி ஒரு துளி மின்விசைக்கும் இடமில்லாதபோதும், அந்த உலை தன் எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கிறது. பிறந்த மின்விசை போவதற்கு இடமின்றி மறைந்துபோகிறது. எரிபொருளோ திரும்பி வரப் போவதில்லை. ஆளில்லாத கூடத்தில் விளக்கும் மின்விசிறியும் ஓடக் கண்டால் ‘இஸ்ராஃப்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய் நிறுத்துவார்களே, அந்த முணுமுணுப்பை இந்தப் பையனின் வாயிலிருந்து கேட்டோம். இரண்டு நாள் சுரங்கம் தோண்டிச் சேர்த்த உலோகம் யாருக்கும் பயனின்றிப் போகிறதே என்பது அவன் துயரம். தானே எழுந்து போய் நிறுத்தலாம். ஆனால் அவ்வுலகத்தின் வேறோரு மூலையில் கட்டிடம் கட்டிக்கொண்டிருக்கும்போது ஆலை திடீரென்று நின்றுபோகும். ஆகவே உலை தானாகவே அறிந்து எரிய வேண்டும், தானாகவே அறிந்து அணைய வேண்டும்.

முதலில் அவன் செய்த ஏற்பாடு மிக எளிது. சேமக்கலத்தின் பக்கத்தில் ‘கம்பரேட்டர்’ எனும் கருவியை வைத்தான். கலம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அது 0 முதல் 15 வரையுள்ள ஓர் அளவாக மாற்றிச் செந்தூளின் வழியே அனுப்பும். பாதிக்குக் கீழே இறங்கினால் உலை எரிய வேண்டும், பாதிக்கு மேலே ஏறினால் அணைய வேண்டும் என்று ஒற்றைக் கோடு கிழித்தான். நாமும் இதில் குறை காணவில்லை. நியாயமான ஏற்பாடாகவே தோன்றிற்று. ஓட்டிக் காட்டினான். கலம் பாதிக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கிற்று, உலை எரிந்தது. உடனே மயிரிழை ஏறிற்று; உலை அணைந்தது. ஆலை ஒரு வாய் மின்விசை குடித்தது. மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. கண் இமைப்பது போல அந்த உலை இமைத்துக்கொண்டே இருந்தது. குறிப்பைத் தலைகீழாக மாற்றித் தரும் செந்தூள் விளக்கு ஒன்றும் அந்தக் கோட்டில் இருந்தது. மிகக் குறுகிய நேரத்தில் அளவு மீறி ஏற்றியணைத்தால் அந்த விளக்கு தீய்ந்து சற்று நேரம் செயலற்றுப் போய்விடும் என்பது அவ்வுலகத்தின் விதி. அதுவும் நேர்ந்தது.

“உன் வீட்டு மாடித் தொட்டியைப் பார்த்திருக்கிறாயா?” என்று நாம் கேட்டோம். நீர் சற்றுக் குறைந்ததுமே மோட்டார் ஓடத் தொடங்கி, ஒரு குவளை நிரம்பியதும் நின்றுவிட்டால் மோட்டார் எத்தனை நாள் உழைக்கும்? நம் தங்கை என்ன செய்கிறாள்? தொட்டி அடிமட்டத்துக்கு வந்த பிறகே போடுகிறாள். நிரம்பி வழியும் ஓசை கேட்ட பிறகே நிறுத்துகிறாள். இடைப்பட்ட நேரமெல்லாம், போட்டிருந்தால் போட்டபடி, நிறுத்தியிருந்தால் நிறுத்தியபடி. பையன் நம்மை நிமிர்ந்து பார்த்து, “அதைத்தான் மாமா அடுத்துச் செய்யப் போகிறேன், உம்மாவைப் பார்த்துத்தான் தோன்றியது” என்றான். நம் உவமை அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது!

இரண்டு கோடுகள் வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ்க்கோட்டைத் தொட்டால் எரியத் தொடங்க வேண்டும். மேற்கோட்டைத் தொடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். தொட்டதும் அணைந்து, மறுபடி கீழ்க்கோடு வரும்வரை அணைந்தே கிடக்க வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இதில் ஒரு நுட்பம் உண்டு. கலம் பாதி நிரம்பியிருக்கும்போது உலை எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா? பாதி என்ற அளவை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. கீழிருந்து ஏறி வரும் பாதியா, மேலிருந்து இறங்கி வரும் பாதியா என்று தெரிய வேண்டும். அதாவது அந்தக் கருவிக்குச் சற்று முன்பு நடந்தது நினைவில் இருக்க வேண்டும். உயிரற்ற தூளுக்கு நினைவு எங்கிருந்து வரும்?

இதற்குப் பையன் செய்ததைக் கண்டு நாம் உள்ளபடியே மகிழ்ந்தோம். செந்தூள் விளக்குகள் இரண்டை எதிரெதிராக வைத்தான். ஒன்று எரிந்தால் மற்றொன்று அணையும்படி இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்தான். இடப்புற விளக்கு எரிகிறதென்றால் அது வலப்புற விளக்கை அணைத்துப் பிடித்திருக்கிறது. அணைந்து கிடக்கும் வலப்புறத்தால் இடப்புறத்துக்கு இடையூறு இல்லை. ஆகவே வெளியிலிருந்து ஒரு குறிப்பு வந்து தட்டும்வரை அது அப்படியே நிற்கும். தட்டினால் புரண்டு மறுபுறம் நிற்கும். தட்டிய கை போய்விட்ட பின்பும் நிலை மாறாது. ஆங்கிலத்தில் இதற்குத் தாழ்ப்பாள் என்று பொருள்படும் ‘லேட்ச்’ என்ற பெயரைச் சூட்டியிருக்கிறார்கள், பொருத்தமான பெயர். கதவைத் தாழிட்டவர் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லையன்றோ? கணிப்பொறிகளின் நினைவகத்திலும் ஒரு வகை, இத்தகைய தாழ்ப்பாள்களை எண்ணற்ற அளவில் அடுக்கியதே.

கீழ்க்கோடும் மேற்கோடும் கிழித்த விதம் இன்னும் அழகு. செந்தூளின் வழியே ஓடும் குறிப்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று வீதம் வலுவிழக்கும். ஆகவே 13 கட்டம் நீளமாகத் தூவிய கோட்டின் கடைசிக் கட்டம், கலத்தின் அளவு 13ஐ எட்டினால்தான் ஒளிரும். அது தாழ்ப்பாளை ‘அணை’ என்று தட்டும். மூன்று கட்டம் நீளமான மற்றொரு கோட்டின் முனையில் தலைகீழ் விளக்கு ஒன்று. அளவு மூன்றுக்குக் கீழே இறங்கிய அன்று அது எரிந்து ‘எரி’ என்று தட்டும். எண்ணும் எழுத்தும் இல்லை. தரையில் தூவிய தூளின் நீளமே அளவுகோல்! அன்று மாலை உலை ஒரு முறை எரிந்து, நெடுநேரம் எரிந்து, அணைந்து, நெடுநேரம் அணைந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எரிபொருள் எவ்வளவு மிஞ்சியது என்று பையன் தாளில் கணக்கு எழுதினான். அவனுடைய கணக்குப் பாடக் குறிப்பேட்டில் அவ்வளவு திருத்தமான எழுத்தை நாம் கண்டதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் பனூ மூஸா எனப்பட்ட சகோதரர் மூவர் இருந்தனர்: முஹம்மது, அஹ்மது, ஹஸன். ஏறத்தாழ 850ஆம் ஆண்டையொட்டி அவர்கள் ஆக்கிய ‘கிதாபுல் ஹியல்’ எனும் நூலில் நூறளவான பொறிகளின் அமைப்பு விளக்கப்பட்டுள்ளது. நீரில் மிதக்கும் மிதவை ஏறினால் அடைந்து, இறங்கினால் திறக்கும் வாயில்கள் அதில் உண்டு. எண்ணெய் குறையக் குறையத் தானே ஊற்றிக்கொண்டு, திரி தீயத் தீயத் தானே நீட்டிக்கொள்ளும் விளக்கும் உண்டு. எரிவதற்கு வேண்டியதைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ளும் அந்த விளக்குக்கும், நம் பையனின் உலைக்கும் தூரம் அதிகமில்லை. இந்நூலின் அரபு மூலம் 1981இல் ஹலப் நகரில் பதிப்பிக்கப்பட்டது. நாம் ஓதிய மத்ரஸாவின் பாடத்திட்டத்தில் அது இல்லை. ‘ஹீலா’ என்ற சொல்லை நாம் அங்கே பயின்றதெல்லாம் சட்ட நூல்களில்தான். விதியின் சொல்லை மீறாமல் விதியைச் சுற்றிக்கொண்டு போகும் தந்திரம் என்ற பொருளில். அதே சொல்லுக்குப் பொறிநுட்பம் என்றொரு பொருளும் உண்டென்பதை நடுவயதில்தான் அறிந்தோம்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் செய்ய விரும்புகிறோம். எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் காலை பழுதான மோட்டாருக்கு வேறொருவரைத் தேடிப் போகும் வழக்கம் நமக்கு உவப்பன்று. பனூ மூஸாவே கிரேக்கர்களின் பொறி நூல்களிலிருந்து கற்றவர்கள்தாம். கற்று, அதற்கு மேல் செய்தார்கள். நாம் அந்தக் கதையைப் பையனிடம் சொன்னபோது அவன் பெருமிதம் ஒன்றும் கொள்ளவில்லை. “அந்த மிதவைக்கு ஒரு கோடா, இரண்டு கோடா, மாமா?” என்றுதான் கேட்டான். அதுவே சரியான கேள்வி.

தாழ்ப்பாள் வேலை செய்த பின்னரும் அவன் ஓயவில்லை. முழுதாய் எரிவது, முழுதாய் அணைவது என்ற இரண்டு நிலைதானா? தேவை சிறிதானால் சிறிதாய் எரியக் கூடாதா? உலைக்குள் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உண்டு. அவற்றை முழுதும் இறக்கினால் உலை அடங்கும், உயர்த்தினால் சீறும், இடையில் எந்த அளவிலும் நிறுத்தலாம். அவற்றை நகர்த்துவதற்கு, ‘கம்ப்யூட்டர்கிராஃப்ட்’ எனும் இன்னொரு சேர்க்கையின் வழியாக, விளையாட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணிப்பொறியை வைத்து அதற்கு நிரல் எழுதினான். நிரலின் மொழிக்கு ‘லூவா’ என்று பெயர். 1993இல் பிரேசில் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த மொழி. போர்த்துக்கேய மொழியில் அச்சொல்லுக்கு நிலா என்று பொருளாம். பிறையை நோக்கி மாதம் எண்ணும் நமக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. நிரல் பத்து வரிதான். கலம் நூற்றில் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அவ்வளவு பங்கு தண்டை இறக்கு, அவ்வளவே.

பார்க்க இது தாழ்ப்பாளைவிட நாகரிகமாயிருந்தது. ஆனால் உலைக்குச் சூடேற நேரம் வேண்டும், தணியவும் நேரம் வேண்டும். தண்டை உயர்த்திய உடனே மின்விசை பெருகுவதில்லை; இறக்கிய உடனே குறைவதுமில்லை. ஆகவே நிரல் ஒரு கட்டளையிட, உலை அதைச் சற்றுத் தாமதித்து நிறைவேற்ற, அதற்குள் நிலைமை மாறிவிட, நிரல் மறுபுறம் இழுக்க, ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடிற்று. நீராவி எந்திரங்களின் வேகத்தை அடக்க ஜேம்ஸ் வாட் 1788இல் சுழல் குண்டுகள் கொண்ட கருவியைப் பொருத்தியபின், இத்தகைய ஆட்டமே பொறியாளர்களுக்குத் தலைவலியாயிற்று. 1868இல் மாக்ஸ்வெல் எனும் பேரறிஞர் இதற்கெனக் கணித ஆய்வு ஒன்றே எழுத நேர்ந்தது. பையன் இரண்டு மாலைகள் போராடிவிட்டு, “என் ஆலைக்குத் தாழ்ப்பாளே போதும்” என்று நிரலை ஓரம் வைத்தான். கைவிட்டதை நாம் குறையாகக் கருதவில்லை.

வாரம் முடிந்தது. தங்கையிடம் நாம் சொன்னது இதுதான்: “விற்க வேண்டாம். இரவு பத்து மணிக்குமேல் திரையைத் திறக்கக் கூடாது. அதை அவனிடம் சொல்லியாயிற்று, ஒப்புக்கொண்டான். மச்சான் வந்து தம் கண்ணால் பார்க்கட்டும்.” அன்றிரவே அவரிடமிருந்து நமக்குத் தொலைபேசி வந்தது. “மச்சான், நீங்களும் அவனுக்குப் பரிஞ்சா எப்படி? நான் இங்கே ஐம்பது டிகிரி வெயிலில் உண்மையான மின்சாரத்துக்கு நடுவில் நிக்கிறேன். அவன் அங்கே பொய் மின்சாரம் செய்து விளையாடுறான்” என்றார். குரலில் கோபத்தைக் காட்டிலும் களைப்பு மிகுதியாயிருந்தது. நாம் வாதாடவில்லை. “பொய் எங்கே, மெய் எங்கே என்று அவனுக்குச் சொல்லத்தக்கவர் இந்தக் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தாம்” என்றோம். மறுமுனையில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பங்குனி கடைசியில் அவர் விடுமுறையில் வந்து, மூன்றாம் நாள் மாலையில், வேண்டா வெறுப்பாக அந்தத் திரையின் முன் அமர்ந்தபோது முதலில் சொன்னதே இதைத்தான். விளையாட்டில் சேமக்கலத்தில் இட்ட மின்விசை கசியாமல் நாள்கணக்கில் கிடக்கிறது, கம்பிகளில் இழப்பில்லை. உண்மையான மின்தொடரில் இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். தேவை மிஞ்சினால் சுழலும் எந்திரங்களின் வேகம் தளர்ந்து, நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ் என நிற்க வேண்டிய அதிர்வெண் இறங்கும்; எல்லை கடந்தால் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாய்க் கழன்றுகொள்ளும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியத் தொடர் வீழ்ந்ததும், இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து வீழ்ந்ததும், ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் இருண்டதும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். தென்னகத் தொடர் அவற்றோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31இல்தான்; அதனால் அன்று நாம் தப்பினோம். அணு உலையை வேண்டும்போது ஏற்றுவது, வேண்டாதபோது அணைப்பது என்பதும் மெய்யுலகில் நடவாத காரியம். அணைத்த உலைக்குள் ஸினான் எனும் வாயு பெருகி, பல மணி நேரம் அதை மீண்டும் எழவிடாமல் தடுக்கும். வேண்டும்போது ஏறி இறங்குவதற்கு எரிவாயுச் சுழலிகளும் நீர்மின் நிலையங்களுமே ஏற்றவை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், மின்விசை மிஞ்சும் வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தட்டும் வேளையில் கீழே இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். அவனுடைய சேமக்கலத்துக்கு ஒப்பாக அதைச் சொல்லலாம்.

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் தம் வேலையைப் பற்றி அவர் வீட்டில் இவ்வளவு பேசியதை நாம் கேட்டதில்லை, பையனும் கேட்டதில்லை. அவன் மறுத்துப் பேசாமல், சேமக்கலத்தையும், தூளின் இரு கோடுகளையும், தாழ்ப்பாளையும் வரிசையாகக் காட்டினான். அவர் தாழ்ப்பாளின் முன் நெடுநேரம் நின்றார். திரைக்குள்தான் நின்றார் என்றாலும் நின்றார் என்றே சொல்ல வேண்டும். பிறகு, “எரிபொருள் உலைக்கு எப்படிப் போகுது?” என்று கேட்டார். கிடங்கிலிருந்து தானாகவே போகிறது, ‘அப்ளைட் எனர்ஜிஸ்டிக்ஸ்’ எனும் சேர்க்கையின் வலைப்பின்னல் எடுத்துப் போகிறது என்றான். “அந்த வலைப்பின்னல் எதில் ஓடுது?” “மின்விசையில்தான், வாப்பா.” “எந்த மின்விசையில்?”

பையன் வாய் திறந்தான், மூடிக்கொண்டான்.

“கலம் மொத்தமா வறண்டு போச்சுன்னு வை. உலை எரியணும். எரிபொருள் வேணும். அதை எடுத்து வர்றதுக்கு மின்விசை வேணும். அதுக்கு உலை எரியணும். இப்ப என்ன செய்வே?”

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று பையனே கம்பியைத் துண்டித்தான். ஆலைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கலம் வறண்டது. தாழ்ப்பாள் தன் கடமை தவறாமல் ‘எரி’ என்று புரண்டு நின்றது. உலையில் எஞ்சியிருந்த எரிபொருளும் தீர்ந்தது. கிடங்கு நிறைய மஞ்சள் உலோகம் இருந்தது, எடுப்பதற்கு ஆளில்லை. கம்பியை மீண்டும் இணைத்தும் ஒன்றும் எழவில்லை. அவன் வாப்பா முதன்முறையாகச் சிரித்தார். அது ஏளனச் சிரிப்பன்று. “எங்க நிலையத்திலேயும் இதுக்குன்னே ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓரமா நிக்குது. எல்லாம் செத்துப்போனா முதல்ல அதைத்தான் எழுப்பணும். அது எழுந்து பெரியதை எழுப்பும். வருஷக்கணக்கா தேவையே படாது. ஆனாலும் குறித்த நாளில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்” என்றார்.

அன்று இரவு பத்து மணி விதியை நாம் கண்டும் காணாமல் விட்டோம். தந்தையும் மகனும் பெரிய உலைக்கு அருகில், வலைப்பின்னலோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு சிறு நிலக்கரி ஜெனரேட்டரை நிறுவினார்கள். அதன் தலைக்குமேல் ஒரு பெட்டி நிறைய நிலக்கரி. இடையில் ‘ஹாப்பர்’ எனும் புனல். அந்தப் புனலுக்கு மின்விசை தேவையில்லை. மேலே உள்ளதைக் கீழே விடுவது மட்டுமே அதன் தொழில். கலம் முற்றும் வறண்டால் மட்டும் அது எரியும்படி மூன்றாவதாக ஒரு கோடு இட்டார்கள். கோட்டை எங்கே இடுவது என்பதில் இருவருக்கும் அரை மணி நேரம் தர்க்கம் நடந்தது. மறுபடியும் எல்லாவற்றையும் சாகடித்தார்கள். இருட்டில் சிறியது கனன்றது, வலைப்பின்னல் விழித்தது, எரிபொருள் நகர்ந்தது, பெரியது எழுந்தது.

மதிப்பெண்ணைப் பற்றி இதை எழுதும் நாள்வரை சொல்வதற்கு ஒன்றுமில்லை, தேர்வு இனிமேல்தான். கணிப்பொறி விற்கப்படவில்லை.

“சின்னதை எத்தனை நாளைக்கு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பே?” என்று வாப்பா கேட்டார். “ஏழு நாளைக்கு ஒரு முறை” என்றான் பையன். அவ்வுலகத்தில் ஒரு நாள் என்பது 20 நிமிடம் என்பதை நாம் இடையில் எடுத்துச் சொன்னோம். அப்படியானால் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டு, யார் எழுந்து போய்க் கையெழுத்துப் போடுவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், சோறு ஆறிப்போகிறதென்று தங்கை மூன்றாம் முறையாக அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.